எண் கூப்பிட்டது, ஆயா எழவில்லை!

வடசென்னையில் ஓர் ஆபீஸ். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம்.

காலை 11 மணி. நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. எல்லார் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு. சுவரில் ஒரு திரை. அதில் எண்கள் மாறி மாறி வருகின்றன.

"டிங்!" என்று மணி அடித்தது. ஒரு குரல் இங்கிலீஷில் ஏதோ சொன்னது. யாரும் எழவில்லை. மறுபடியும் "டிங்!" அடுத்த எண் வந்துவிட்டது.

காசிமேட்டில் இருந்து வந்த ஓர் ஆயா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சீட்டை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, என் நம்பர் எப்போ வரும்னு பாரு."

பார்த்தேன். அது வந்துபோய் அரை மணி நேரம் ஆகிவிட்டது!

ஆயா மீன் விற்பவர். கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். அன்றைய வியாபாரம் போயிற்று. இப்போது முறையும் போயிற்று.

குற்றம் யாருடையது? ஆயாவா? இல்லை. இயந்திரமா? அதுவும் இல்லை. இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே குற்றவாளிகள்!

கஞ்சி வரிசை

வரிசை நமக்குப் புதிது அல்ல. 1782-ல் சென்னையில் பஞ்சம். அப்போது பசித்து வந்தவர்களுக்கு மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அந்தச் சத்திரத்தில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று பழைய ஆட்கள் சொல்வது அதனால்தான்.

வரிசை குலைந்தால் என்ன ஆகும்? அதையும் சென்னை பார்த்துவிட்டது.

2005-ல் பெருமழை. வெள்ள நிவாரணம் வாங்க மக்கள் திரண்டார்கள். நவம்பரில் வியாசர்பாடியில் நெரிசல். 6 பேர் மாண்டார்கள். டிசம்பர் 18-ந்தேதி எம்.ஜி.ஆர். நகரில் மறுபடியும் நெரிசல். 42 பேர் மாண்டார்கள். நிவாரணம் வாங்கப் போனவர்கள் பிணமாகத் திரும்பினார்கள்!

2020-ல் கொரோனா வந்தது. ரேஷன் கடையில் ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு நிற்க முடியாது. எனவே 1,000 ரூபாய் நிவாரணத்துக்கு டோக்கன் கொடுத்தார்கள். எந்த நாள், எந்த நேரம் வர வேண்டும் என்று அதில் குறித்திருந்தது. பொங்கல் பரிசுக்கும் இப்படி வீடு தேடி டோக்கன் வந்தது உண்டு. ஒரு துண்டுக் காகிதம்தான். ஆனால் கூட்டத்தை அது பிரித்துவிட்டது!

பெட்டிக்கு என்ன தெரியும்?

டோக்கன் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

வாசலில் ஒரு பெட்டி சீட்டுக் கொடுக்கும். உள்ளே ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு சின்னக் கருவி இருக்கும். குமாஸ்தா பொத்தானை அழுத்துவார். அடுத்த எண் திரையில் வரும். அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கருவிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. இந்தக் கவுண்டரில் என்ன என்ன வேலை? யாரை முதலில் கூப்பிடுவது? கூப்பிட்டும் வராதவரை என்ன செய்வது? எந்த மொழியில் கூப்பிடுவது? இவற்றை எல்லாம் மனிதன்தான் முதலில் சொல்லி வைக்க வேண்டும்.

பாஸ்போர்ட் சேவை மையத்தைப் பாருங்கள். 2010-ல் கர்நாடகத்திலும் சண்டிகரிலும் சோதனையாகத் தொடங்கிய முறை அது. "ஏ" கவுண்டரில் படம், கைரேகை. "பி" கவுண்டரில் காகிதங்களைச் சரிபார்ப்பது. "சி" கவுண்டரில் அதிகாரியின் முடிவு. மூன்று இடத்துக்கும் ஒரே டோக்கன்! ஓர் இடத்தில் வேலை முடிந்ததும் எண் தானாக அடுத்த வரிசைக்குப் போகிறது. அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

54 நிமிஷமா? 26 நிமிஷமா?

இதோ ஒரு கணக்கு.

ஒரு கவுண்டரில் மணிக்குச் சராசரி 10 பேருக்கு வேலை முடியும். மணிக்கு 9 பேர் வருகிறார்கள். "அப்படியானால் காத்திருக்கவே வேண்டாமே!" என்பீர்கள். ஆனால் மக்கள் அளந்து வைத்தது போல் வருவது இல்லை. நாலு பேர் சேர்ந்து வருவார்கள். பிறகு யாரும் வர மாட்டார்கள். ஒருவருக்கு 2 நிமிஷ வேலை; இன்னொருவருக்கு 20 நிமிஷ வேலை. இதனால் சராசரியாக 54 நிமிஷம் காத்திருக்க நேரும்.

பக்கத்திலும் அதே போல் ஒரு கவுண்டர் இருக்கிறது. அங்கும் 54 நிமிஷம்தான். இரண்டு வரிசையையும் ஒன்றாக்குங்கள். யார் கை காலியோ அவர் அடுத்தவரைக் கூப்பிடட்டும். காத்திருக்கும் நேரம் சுமார் 26 நிமிஷமாகக் குறைந்துவிடும்! ஆள் கூடவில்லை. செலவு கூடவில்லை. கருவிக்குச் சொல்லும் சொல் மட்டுமே மாறியது. டென்மார்க் நாட்டு எர்லாங் என்பவர் டெலிபோன் அழைப்புகளுக்காக 1909-ல் தொடங்கி வைத்த கணக்கு இது.

"ஆள் பற்றாக்குறை ஐயா! இயந்திரம் என்ன செய்யும்?" என்று ஆபீசில் சொல்வார்கள். உண்மைதான். 10 பேர் பார்க்கிற இடத்துக்கு 15 பேர் வந்தால் எந்த இயந்திரமும் காப்பாற்றாது. ஆள் போடத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற ஆளைச் சரியாக வைப்பதற்கு என்ன தடை?

இன்னொரு வம்பும் உண்டு. யார் எத்தனை எண் கூப்பிட்டார் என்று கருவி குறித்து வைக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து மேலதிகாரி மெச்சினால் என்ன ஆகும்? குமாஸ்தா பொத்தானைப் படபடவென்று அழுத்துவார். எழுந்து வரத் தாமதமான கிழவிதான் ஏமாறுவார்!

செய்ய வேண்டியது என்ன?

எண்ணைத் தமிழில் கூப்பிட வேண்டும். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. வராதவரின் எண்ணைத் தள்ளிவிடக் கூடாது. சிறிது நேரம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். முதியவர், ஊனமுற்றவர், கர்ப்பிணி ஆகியோருக்கு முன்னுரிமை வேண்டும். சீட்டுக் கொடுக்கும் பெட்டி அருகே ஒரு மனிதர் நிற்க வேண்டும்.

இதை எல்லாம் யாரோ ஒரு கம்பெனிக்காரர் ஒரே நாளில் பூட்டிவிட்டுப் போனால் போதாது. கவுண்டரில் இருக்கும் குமாஸ்தாவைக் கேட்க வேண்டும். வாசல் காவலாளியையும் கேட்க வேண்டும். யார் எங்கே திண்டாடுகிறார் என்று அவருக்குத்தான் தெரியும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவருக்கும், எண்ணூரில் ஒப்பந்த வேலை செய்கிறவருக்கும் அரை நாள் என்றால் அரை நாள் கூலி. வரிசையில் நிற்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. வீட்டில் உலை வைக்கிற காசு அது!

அன்று அந்த ஆயா என்ன செய்தார்? பெட்டிக்குப் போய்ப் புதுச் சீட்டு எடுத்தார். கடைசி எண்ணாக மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"இந்தத் தடவ நீ கேட்டுச் சொல்லு தம்பி!" என்றார்.

பக்கத்தில் ஒரு தம்பி இல்லாத ஆயாக்கள் எத்தனை பேரோ?