எழுத்து முடிந்தால் விசாவா?

கிளிநொச்சியில் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிற வீடுகளில் ஒரு வசனம் தவறாமல் வரும்: "எழுத்து முடிஞ்சால் விசா வந்திடும்தானே." மாப்பிள்ளை சிற்றிசன் என்றால் கேட்கவே வேண்டாம், பொம்பிளை அரைவாசித் தூரம் பறந்துவிட்ட மாதிரித்தான். பரந்தனிலிருந்து முறிகண்டி வரை ஊறிப்போன இந்த நம்பிக்கையால் கெட்ட குடும்பங்கள் கொஞ்சமல்ல.

எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, நடப்பது இலங்கைச் சட்டத்தில். விசா கொடுப்பது வேறொரு நாடு. பதிவுச் சான்றிதழ் அவர்கள் கேட்கும் கடதாசிக் கட்டில் ஒன்று, அவ்வளவுதான்.

பிரித்தானியாவை எடுங்கள். 2012 முதல் துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண் உழைப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அது 29,000. கிழமைக்கு ஏறத்தாழ 557 பவுண். சிற்றிசன் என்பதற்காகக் கழிவு இல்லை. கடையில் பாதிச் சம்பளத்தைக் கையில் வாங்குகிறவருக்கு அந்தப் பாதி கணக்கில் ஏறாது. இங்கே நாங்கள் என்ன செய்கிறோம்? சாதகத்தை மூன்று சாத்திரிமாரிடம் காட்டுகிறோம். சம்பளச் சிட்டையைக் கேட்டால் மரியாதைக் குறைவாம்! பொம்பிளை ஏ1 தரத்தில் ஆங்கிலம் பேசவும் விளங்கவும் சோதனை எழுதிச் சித்தியடைய வேண்டும் என்பதும் பல வீடுகளில் எழுத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது. ஜேர்மனிக்கு டொச் மொழி, 2007 முதலே அப்படித்தான்.

"கனடாவுக்கு வருமானம் பார்க்கமாட்டினம்" என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் கல்யாணம் உண்மையானதா என்று அங்கே துருவுவார்கள். எங்கள் வழக்கத்தில் எழுத்து முதலில், தாலி பிறகு. எழுத்தன்று பதிவாளர் வீட்டுக்கு வருவார், இரண்டு சாட்சி கையெழுத்து, மதியச் சாப்பாடு, நாலு படம். மாப்பிள்ளை ஒரு மாத லீவில் வந்தவர், போய்விடுவார். தாலி ஏறவில்லையே என்று பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். எங்களுக்கு அது ஒழுக்கம்; கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கோ சேர்ந்து வாழாத, சடங்கும் நடக்காத, பத்துப் பேர்கூட நிற்காத ஒரு கல்யாணம். சந்தேகப்பட அது போதும். மாப்பிள்ளை வரவே தேவையில்லை, தொலைபேசியில் முடிக்கலாம் என்று இன்னும் சொல்லித் திரிகிற தரகர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த கல்யாணத்தைக் கனடா 2015 ஜூன் முதல் குடியேற்றத்துக்கு ஏற்பதில்லை.

"மச்சாளின்ர மகள் போனவள்தானே?" போனவள்தான். அந்த மாப்பிள்ளையின் சம்பளமும் கடதாசிகளும் சரியாக இருந்திருக்கும். போகாமல் இருக்கிறவளைப் பற்றி எந்தச் சபையிலும் கதைக்கமாட்டார்கள்.

அவளுடைய நிலைதான் எனக்குக் கோபம் தருவது. விசா மறுத்தவுடன் "எழுத்துத்தானே, வெட்டிவிடலாம்" என்கிறார்கள். பொதுச் சட்டப்படி பதிந்த கல்யாணத்தை வெட்ட மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அங்கே பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற காரணமொன்றை நிறுவ வேண்டும். விசா மறுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. தாலியே ஏறாத பெண், சட்டத்தில் மனைவி. வழக்கு முடியும்வரை வேறு சம்பந்தம் பேசமுடியாது. மாப்பிள்ளை அழைப்பாணைக்குப் பதில் போடாமல் ரொறன்ரோவில் இருந்தால் இழுவை இன்னும் கூடும். சீதனமாக எழுதிய வயற்காணியைத் திருப்பி எடுப்பது தனித் தலையிடி.

பெண்ணின் மாமன்மார் எழுத்துக்கு நாள் குறிக்கும் முன் மாப்பிள்ளையிடம் ஆறு மாதச் சம்பளச் சிட்டை கேட்கட்டும். அவர் முகம் சுளித்தால் சம்பந்தத்தை அன்றைக்கே விடலாம்.