ஆல்பத்தின் முதல் பக்கம்

ராயப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகளும் மருமகனும் நியூ ஜெர்சியிலிருந்து வந்து ஏழு வாரம் தங்கியிருந்தார்கள். அவர்கள் தத்தெடுத்த மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு மாவட்ட ஆட்சியரின் ஆணை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்குமாகக் காத்திருந்த காலம் அது. (2022 செப்டம்பர் வரை இவ்வாணையை நீதிமன்றமே வழங்கிவந்தது.) பெற்றோர் நம்மவர்களே என்றாலும், குழந்தை வேறு நாட்டுக்குப் போவதால் சட்டத்தின் கண்ணில் இது நாடு கடந்த தத்துதான்.

பெரியம்மா பேத்திக்குப் பெயர்சூட்டு விழா நடத்தினார். குழந்தைக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது, அழகான பூவின் பெயர். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பாயசம் பரிமாறும் வேளையில் குழந்தை ஓர் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தது. இல்லத்திலிருந்து கொடுத்தனுப்பியது. குழந்தையின் படங்கள், விருப்பு வெறுப்புகள், அதுவரையிலான கதை ஆகியவற்றைத் தொகுத்துப் புதிய பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தத்தெடுப்பு விதிமுறைகளில் உள்ள நல்ல ஏற்பாடு. பெற்றவர்களைப் பற்றிய விவரம் அதில் இடம்பெறலாகாது என்பதும் அதே விதி. ஆகவே இந்தக் குழந்தையின் கதை இரண்டாம் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு படத்தில் ஆயா ஒருவர் அதனை இடுப்பில் வைத்திருந்தார். குழந்தை அப்படத்தின்மேல் விரல் வைத்து, "அம்மா" என்றது.

பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. "இத எதுக்கு அங்க தூக்கிட்டுப் போகணும்? பழசெல்லாம் மறந்து நம்ம வீட்டுப் புள்ளயா வளரட்டும். பரண்ல போட்டுடு" என்று மகளிடம் சொன்னவர், என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுப்பா" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் பாயசத்தைக் குடித்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பெரியம்மா அன்பினால்தான் அப்படிச் சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'பழசை மறக்கட்டும்' என்ற இதே நல்லெண்ணத்தின் நிழலில் இந்த நகரத்தில் நடந்தது என்ன? 1999-இல் புளியந்தோப்புப் பகுதியில், சாலையோரத்தில் தாயின் அருகே உறங்கிய ஆண் குழந்தை ஒன்று களவு போயிற்று. 2005-இல் குழந்தை கடத்தும் கும்பல் ஒன்று சென்னைக் காவல்துறையிடம் பிடிபட்டது. களவாடப்பட்ட பிள்ளைகள் மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, பொய்யான காகிதங்களோடு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கு பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. நெதர்லாந்தில் வளரும் ஒரு சிறுவன் தம் மகனே என்று நம்பிய அந்தப் பெற்றோர், அந்நாட்டு நீதிமன்றத்தில் மரபணுச் சோதனை கோரினர். 2010-இல் அது மறுக்கப்பட்டது. அச்சிறுவனை வளர்த்தவர்களை நான் குறை கூற மாட்டேன். கையில் வந்த காகிதத்தை அவர்கள் நம்பினார்கள், பிள்ளையை நேசித்தார்கள். ஆயினும் குழந்தையின் முதல் பக்கத்தை வேறு யாரோ எழுதிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தால், அதைத் திருடனும் எழுதுவான்.

இத்தகைய அச்சங்களை முன்வைத்து லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984-இல் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறைகள் வகுத்தது. இன்று பதினெட்டு வயது நிரம்பிய தத்துப் பிள்ளை தன் வேரைத் தேட விண்ணப்பிக்கலாம்; பெற்றவர் தம் பெயரை மறைக்கக் கோரியிருந்தால் மட்டும் வழி குறுகிவிடும். அந்நாளில் அப்பிள்ளைக்குத் தேவைப்படுவன பரணில் போடச் சொன்ன இந்த ஆல்பமும், ஆணையின் நகலும், இல்லத்தின் முகவரியும்தாம்.

தத்து என்றாலே கர்ணனை இழுத்து வருவது நமது மேடைப் பேச்சாளர்களின் வழக்கம். எனக்கு அதில் சலிப்பு உண்டு. அதைவிட நுட்பமான ஒன்று நம்மிடம் இருக்கிறது. துளசிச் செடியின் கீழ் கண்டெடுத்த குழந்தையை ஆண்டாளாக வளர்த்தவர் பெரியாழ்வார் என்பது குருபரம்பரைக் கதை. அவர் யசோதையின் குரலில் கண்ணனைத் தாலாட்டி, நீராட்டி, பூச்சூட்டிப் பாடினார். குலசேகரரோ பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியைத் தேவகியின் புலம்பலாக அமைத்தார். தாலாட்டும் பேறு கிட்டாதவள், வெண்ணெய் உண்ட கோலத்தைக் காணாதவள், எல்லாவற்றையும் யசோதையே பெற்றாள் என்று ஏங்குகிறாள். இரண்டையும் ஒரே பிரபந்தத்துக்குள் வைத்துப் பாடியவர்கள் நம் முன்னோர். தேவகி பாடியதால் யசோதைக்கு என்ன குறைந்துவிட்டது?

எங்கள் தெருவிலிருந்து அமீர் மகால் நடைதூரம்தான். இஸ்லாமிய மரபிலும் வளர்ப்புப் பிள்ளையை அதன் சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது நெறி. 2002-இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், ஒன்பது வயது அமுதா உண்மையை அறிந்தபின் இலங்கைவரை தாயைத் தேடிப் போகிறாள். எனக்கு அப்படத்தில் பிடித்தது, உண்மையைப் பெற்றோரே சொல்கிறார்கள் என்பது. போரின் நடுவே அழைத்துச் செல்வது விவேகமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, சினிமா.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு இவற்றில் ஒரு பகுதியைப் பெரியம்மாவிடம் சொன்னேன். மார்கழியில் திருப்பாவை தவறாதவர் அவர். "ஆண்டாளும் கண்டெடுத்த புள்ளதான், இல்ல?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்து, ஆயாவின் படத்தைக் காட்டி, "இவங்க பேரு என்னடி கண்ணு?" என்று பேத்தியிடம் கேட்டார். குழந்தை சொன்ன பெயர் எங்கள் இருவருக்கும் சரியாக விளங்கவில்லை. மகள் இல்லத்துக்கு போன் செய்து கேட்டு, படத்தின் கீழே எழுதிக்கொண்டாள்.