கஷாயத்துக்கு விசில் எதுக்கு?

"ஒரே பாத்திரம், எல்லா வேலையும்"னு விக்கிற மின்சாரச் சட்டிகள அப்படியே நம்பிடாதீங்க மக்களே. சூப்பும் கஷாயமும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அடுப்புல வச்சா ரெண்டுக்கும் வேற வேற ஜாதகம்.

சூப்புல சாறு இறங்கணும், தண்ணி ரொம்பக் குறையக்கூடாது. ஆட்டுக்கால் சூப்பையே எடுத்துக்கோங்க. எலும்பு, ஜவ்வுல இருக்கிற கொலாஜன் கரைஞ்சு ஜெலட்டினா மாறணும். திறந்த சட்டின்னா பல மணி நேரம். எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்ல தண்ணி 100 டிகிரியத் தாண்டுறதால வேலை சீக்கிரம் முடிஞ்சிடும். குடுத்த காசுக்குத் தகும்.

கஷாயம் அப்படியில்ல. "நாலுக்கு ஒண்ணா வத்த வை", "எட்டுக்கு ஒண்ணா வத்த வை"ன்னுதான் வைத்தியர் சொல்லுவார். ஆவி வெளிய போனாத்தானே வத்தும்? குக்கர் மூடி ஆவிய விடாது. கெட்டில் கொதி வந்ததும் 'டக்'னு அணைஞ்சிடும். அத அப்படித்தான் செஞ்சிருக்காங்க, பாவம்.

ஸ்லோ குக்கர்? சின்னதா ஒரு கணக்கு. 800 மில்லி 200 ஆகணும்னா 600 மில்லி ஆவியாகணும். அதுக்கு மட்டும் சுமார் 1350 கிலோஜூல் வேணும். 1000 வாட் அடுப்புல ஏறக்குறைய 23 நிமிஷம். 200 வாட் ஸ்லோ குக்கர்ல கிட்டத்தட்ட 2 மணி நேரம், அதுவும் சூடு துளிகூட வீணாகாம இருந்தா! நிஜத்துல இன்னும் இழுக்கும்.

இதுல கரண்ட் பில் பெரிய விஷயமில்ல. வத்தாத 800 மில்லியில 200 மட்டும் குடிச்சா, இறங்கின மருந்துல கால்வாசிதான் உள்ள போகும். அப்புறம் "நாட்டு மருந்து கேக்கவே இல்ல"ன்னு மூலிகை மேல பழி. வைத்தியர் சொன்ன அளவுக்கு என்ன மரியாதை?

என் ஓட்டு: சாதா இண்டக்‌ஷன் அடுப்பு, காந்தம் ஒட்டுற அடி கனமான எவர்சில்வர் சட்டி, மூடி வேண்டாம். மண்சட்டிதான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்க காயில் அடுப்பு பாருங்க, இண்டக்‌ஷன்ல மண்சட்டி சூடாகாது. நெல்லிக்காய் மாதிரி புளிப்பு சேர்ற கஷாயத்துக்கு அலுமினியம் வேண்டவே வேண்டாம், புளிப்பு அலுமினியத்தக் கரைக்கும்.

வாராவாரம் எலும்பு சூப் வைக்கிற வீடா? குக்கர் வாங்குங்க. கஷாயம் மட்டும்தானா? அடுப்பும் சட்டியும் போதும். மிச்சக் காசுக்கு நல்ல சுக்கு, மிளகு, திப்பிலி வாங்கிடலாம் :-)