“முறைப்பாட்டாளர் சமுகமில்லை” – வழக்கு அத்துடன் முடிந்துவிட்டதா?

2011 ஆம் ஆண்டு சிறுபோகத்தின்போது கிழக்கில் நடந்த கமக்காரர் கூட்டமொன்றில், உரம் பற்றிய பேச்சு முடிந்து எல்லோரும் எழும்பும் வேளையில், ஒருவர் எம்மிடம் வந்து பொலித்தீன் பையிலிருந்து மடித்த கடதாசியொன்றை எடுத்து நீட்டினார். நீதவான் நீதிமன்ற வழக்கேட்டின் பிரதி அது. அதன் கடைசி வரி இவ்வளவுதான்: முறைப்பாட்டாளர் சமுகமில்லை, எதிரி விடுதலை செய்யப்படுகிறார்.

“பாதர், இனி இதில ஒண்டும் செய்யேலாதோ?” என்று கேட்டார்.

2006 இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது தம் லான்ட்மாஸ்டரையும் நீர்ப்பம்பியையும் தெரிந்த ஒருவரிடம் பாரம் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். திரும்பிவந்து கேட்டபோது, “எனக்கு வித்ததுதானே” என்று பதில் கிடைத்தது. பொலிசார், இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, சிவில் வழக்குப் போடு என்று அனுப்பிவிட்டனர். எனவே சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, நம்பிக்கை மோசடி என நீதவானிடம் நேரடியாகப் பிராது தாக்கல் செய்தார். பொலிசார் வழக்குத் தொடராவிட்டாலும் குடிமகன் ஒருவர் இவ்வாறு நீதவானிடம் போகலாம் என்பதை 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136 ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்திலான பிராதாயின் அதில் சட்டத்தரணியும் ஒப்பமிட வேண்டும்.

மூன்று தவணைக்குத் தவறாமல் போனார். நான்காவது தவணை 2011 ஜனவரியில் வந்தது. அந்த மாதம் கிழக்கில் என்ன நடந்ததென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளம் வீதியை மூடியிருந்தது. அவரும் பிள்ளைகளும் பாடசாலைக் கட்டடமொன்றில் இருந்தார்கள். எதிரி நீதிமன்றத்துக்குக் கிட்ட இருப்பவர். அவர் போனார்.

முறைப்பாட்டாளர் வராவிட்டால் எதிரியை விடுதலை செய்ய இடமளிப்பது மேற்படி சட்டக்கோவையின் 188 ஆம் பிரிவு. அது முழுக்கப் பிழையான ஏற்பாடென்று நாம் சொல்லமாட்டோம். பகைமையால் பிராது போட்டுவிட்டு ஒளித்துத் திரிபவர்களும் எமது ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் அதே பிரிவில் ஒரு காப்பு வாசகமும் உண்டு. நோய், விபத்து, அல்லது தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வேறு காரணத்தால் வரமுடியாமற் போனதென்று, முறைப்பாட்டாளர் நியாயமான காலத்துக்குள் வந்து நீதவானைத் திருப்திப்படுத்தினால், அந்தக் கட்டளையை நீதவான் நீக்க வேண்டும். வெள்ளத்தைவிடக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது வேறென்ன? கிராம சேவையாளரின் கடிதமொன்றோடு அடுத்த கிழமையே போயிருந்தால், வழக்கு மீண்டும் உயிர்பெற்றிருக்கும் என்றே நாம் நம்புகிறோம். அவருக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. அவர் எம்மிடம் வந்தபோது ஐந்து மாதம் கடந்திருந்தது.

மேன்முறையீட்டு வழியும் அவருக்கு அடைபட்டிருந்தது. மேன்முறையீட்டுக்குரிய காலம் பதினான்கு நாட்கள். அதற்குள் வந்திருந்தாலும், நீதவான் நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்த கட்டளைக்கெதிராகச் சட்டமா அதிபரின் எழுத்துமூல அனுமதியின்றி மேன்முறையீடு செய்ய முடியாது என்கிறது 318 ஆம் பிரிவு. பொருளைப் பறிகொடுத்த கமக்காரன் கொழும்பிலிருந்து அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். இந்த ஏற்பாடு திருத்தப்பட வேண்டுமென்பது எமது கருத்து.

எஞ்சியிருந்தது மீளாய்வு. பதின்மூன்றாம் திருத்தத்தின்கீழ் 1987 முதல், நீதவான் நீதிமன்றக் கட்டளைகளை மீளாயும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு உண்டு. இதற்குச் சட்டமா அதிபரின் அனுமதி தேவையில்லை. விடுதலைக் கட்டளைக்கு மட்டுமன்றி, அழைப்பாணை அனுப்ப மறுத்த கட்டளைக்கும், சான்று போதாதென்று இடையில் விடுவித்த கட்டளைக்கும் எதிராக இந்த வழியை நாடலாம். ஆனால் வழக்கு அங்கே மறுபடி விளங்கப்படும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீதவானின் கட்டளை சட்டப்படியானதா, முறையானதா, நடவடிக்கை ஒழுங்காக நடந்ததா என்பதே அங்கு கேள்வி. பிழை கண்டால் மேல் நீதிமன்றம் கட்டளையை நீக்கி, பெரும்பாலும் வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி திருப்பி அனுப்பும்.

அதுவும் உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடியதல்ல, நீதிமன்றத்தின் தற்றுணிபு. விசேட சூழ்நிலை ஒன்றைக் காட்டவேண்டும். தாமதித்தால், ஏன் தாமதம் என்று சத்தியக் கடதாசியில் சொல்லவேண்டும். எதிரியையும் தரப்பினராகச் சேர்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டும். எமது நண்பரின் மனு இந்தத் தாமதத்திலேயே அடிபட்டது. “சட்டம் தெரியாது” என்பதை நீதிமன்றம் விளக்கமாக ஏற்கவில்லை. சட்டப்படி அது சரியாயிருக்கலாம். ஆனால் முகாமுக்கும் உறவினர் வீட்டுக்குமாக ஐந்தாண்டு அலைந்தவனின் ஐந்து மாதத்தை, நகரத்து வியாபாரியின் ஐந்து மாதத்தோடு ஒரே கோலால் அளப்பதை எம்மால் ஏற்க முடியவில்லை.

வராதவர் ஏன் வரவில்லை என்ற கேள்வி சிறிய வழக்குகளோடு நிற்பதன்று. 2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் பொலிஸ் சேவையைச் சேர்ந்த 13 பேரை, சான்று போதாதென்று 2019 ஜூலை 3 ஆம் திகதி நீதவான் விடுவித்தார். சாட்சிகளிற் சிலர் அதற்கு வெகுகாலம் முன்பே அச்சத்தால் நாட்டைவிட்டே போய்விட்டிருந்தனர்.

எம்மீதும் குற்றமுண்டு. விதைநெல், கிணறு, சுழற்சிக் கடன் என்று நூறு கூட்டம் வைத்த நாம், தவணை தவறினால் என்ன செய்வதென்று ஒரு கூட்டமும் வைக்கவில்லை. “கோடேறாமல் சமாதானமாகப் போங்கோ” என்றே பலமுறை சொல்லியிருக்கிறோம். அந்தச் சமாதானத்தில் பம்பி யாரிடம் நின்றதென்று கேட்கவில்லை.

இன்னும் காலமுண்டு. கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக வழக்குத் தொடரும் காலம் இருபது ஆண்டுகள். 2009 இல் நடந்ததொன்றுக்கு 2029 வரை வழியிருக்கிறது. ஏற்கெனவே பிராது போட்டு அது தள்ளுபடியானவர்கள், அன்றைக்கே பதிவாளரிடம் அத்தாட்சிப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். வர முடியாமற் போனால், வைத்தியசாலைத் துண்டையோ கிராம சேவையாளரின் கடிதத்தையோ எடுத்து வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை விசாரித்து, அடுத்த போகம் வரட்டும் என்று இராமல், அந்தக் கிழமையிலேயே போங்கள்.