விடுமுறைக்கு எந்த லிஸ்ப்?

தேர்வு முடிந்து மே மாதம் மூன்று மாத விடுமுறை தொடங்கியதும், கணினித் துறை மாணவர்களிடையே எழும் முதல் கேள்வி, "எந்த மொழி கற்றால் வேலைப் பயிற்சி கிடைக்கும்?" என்பதுதான். அதில் தவறில்லை. பைத்தானையும் ஜாவாவையும் நானும் அப்படித்தான் கற்றேன். இம்முறை சிந்தனையை வளர்க்க ஒரு மொழி கற்கலாம் என்று லிஸ்ப் பக்கம் போனேன். இரண்டு வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை. எந்த லிஸ்ப் என்று ஒப்பிடுவதிலேயே நாள்கள் போயின.

லிஸ்ப் என்பது ஒரு குடும்பம். 1958ல் ஜான் மெக்கார்த்தி எம்ஐடியில் தொடங்கி வைத்தது. அதில் காமன் லிஸ்ப் பெரிய வீடு. எல்லாமே உள்ளே உண்டு. 2007ல் வந்த குளோஷர், ஜாவா தளத்தில் இயங்குவதால் நிறுவனங்களிலும் புழங்குகிறது. 1975ல் பிறந்த ஸ்கீம் மிகச் சிறியது. ராக்கெட் அதன் வாரிசு.

சுய வளர்ச்சிதான் நோக்கம் என்றால் ஸ்கீம் அல்லது ராக்கெட்டையே எடுக்கவேண்டும் என்பது என் கருத்து. அதன் விதிகளை ஒரு மாலையில் படித்துவிடலாம். பிறகு ஒளிந்துகொள்ள இடமில்லை. பட்டியலில் உள்ள எண்களைக் கூட்டவேண்டுமா? முதல் எண்ணோடு மீதி எண்களின் கூட்டுத்தொகையைச் சேர். பட்டியல் காலியானால் சுழியம். இந்த விளக்கத்தை எழுதினால் அதுவே நிரலாகிவிடுகிறது. இரண்டும் மூன்றும் கூட்ட (+ 2 3) என்று எழுதவேண்டும். வினையைக் கடைசியில் வைக்கும் தமிழ் பேசி வளர்ந்த எனக்கு, வினை முதலில் வருவது வேடிக்கையாக இருந்தது.

ஸ்கீம் பழையதாயிற்றே என்று கேட்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பாடம் ஒன்றே 2012ல் ஸ்கீமிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறியது. ஏபல்சனும் சஸ்மனும் 1985ல் எழுதிய அதே பாடநூலின் கருத்துகளைத்தான் அங்கு இன்னும் கற்பிக்கிறார்கள். கருத்து எந்த மொழியிலும் வரும், உண்மைதான். ஆனால் தனியாகக் கற்பவருக்குப் பழகிய மொழி ஆபத்து. சற்றுக் கடினமானதும் கை பழைய வழிக்கே திரும்பிவிடும். ஸ்கீமில் திரும்பிப் போகப் பழைய வழி இல்லை.

வேலைக்கும் உதவவேண்டும் என்பவர்கள் குளோஷரை எடுக்கட்டும். ஆனால் ஜாவாவின் பிழைச் செய்திகளோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ராக்கெட் இலவசம். அந்த நூலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் இப்போது இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். அடைப்புக்குறிகளை எண்ணுவதை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டேன். அதை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது.