மஞ்சள் விளக்கு எரிந்தால்…



வாகனத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டால் நம்மில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. மாதக்கணக்கில் காணாததுபோல் ஓட்டுவது. அல்லது பதறியடித்துக் கராஜுக்குப் போய், சொன்ன சாமானையெல்லாம் மாற்றிக்கொண்டு வருவது. வீட்டுச் செலவுக்கு வைத்த பணம் கரைவது இந்த இரண்டாவதில்தான்.

விளக்கு அசையாமல் எரிந்தால், வண்டியும் வழமைபோல் ஓடினால், மெதுவாக வீடு வந்து சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போய், விலை கூடிய கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரையும் கெடுத்துவிடும். ஒயில் விளக்கோ சூட்டு விளக்கோ சிவப்பாக எரிந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளைகள் கொண்ட ஒரு சொக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து இது கட்டாயமாயிற்று. அதில் செருகும் தீப்பெட்டியளவு புளூடூத் கருவியும், கையடக்கத் தொலைபேசியில் ஓர் இலவசச் செயலியும் போதும். பழுதின் குறியீட்டை நீங்களே வாசிக்கலாம். ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்கென்று செய்த சில வண்டிகள் மலிவான கருவிக்கு வாய் திறப்பதில்லை. ஆகவே உங்கள் வண்டியில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

தொண்ணூறுகளின் டொயோட்டா பலவற்றுக்குக் கருவியே வேண்டாம். பொனட்டுக்குள் உள்ள சிறு பெட்டியில் டீஈ1, ஈ1 என்னும் துளைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்து, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் விளக்கே மின்னிக் கணக்குச் சொல்லும். இரண்டு தரம் மின்னி, சற்றுத் தாமதித்து, மீண்டும் இரண்டு தரம் மின்னினால் 22. அது தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சாரின் முறைப்பாடு. வேறு துளையில் மட்டும் வயரைப் போட்டுவிடாதீர்கள்!

ஆனால் குறியீடு என்பது கடைக்குக் கொண்டுபோகும் சாமான் துண்டு அல்ல. முறைப்பாடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றுதான் அது சொல்லும். பி0301 என்றால் முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக்கோ, கொயிலோ, இன்ஜெக்டரோ காரணமாகலாம். “நாலு கொயிலையும் மாற்ற வேண்டும்” என்று எவராவது சொன்னால், முதலாவதின் கொயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் அந்த ஒரு கொயில்தான் பழுது. மாறாவிட்டால் கொயிலை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்கு ஒரு கொயில் உள்ள வண்டிகளில் இது சிறிது நேர வேலைதான். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார்.

செயலியில் குறியீட்டை அழிக்கும் பட்டன் உண்டு. அவசரப்பட்டு அதைத் தொடாதீர்கள். பழுது தென்பட்ட வேளையில் வண்டியின் வேகம், சூடு என்று கணனி குறித்து வைத்திருப்பதும் அதோடு போய்விடும். குறியீட்டைத் திகதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போங்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அதைப் படமெடுத்து அவருக்கும் அனுப்பி வையுங்கள்.