முதலில் தெரிந்தவள் குற்றவாளி அல்ல

மதுரைக்கு அருகே கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளக்கரையில் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்கும் பெண்கள் நாங்கள் அறிவிப்பது:

வீட்டுக்குள் விழும் அடிக்கும் ரத்தத்தில் ஏறும் எச்.ஐ.வி.க்கும் உறவு உண்டு. அது மாத்திரையால் மட்டும் அறுந்துவிடாது.

மாசமாயிருக்கும் மருமகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கிறார்கள். வீட்டில் முதலில் கை நீட்டுகிறவள் அவள். அதனால் விஷயம் முதலில் தெரிவதும் அவளுக்குத்தான். அன்று ராத்திரியே, "எவன்கிட்ட வாங்கிட்டு வந்தடி?" என்று தொடங்கும். தட்டும் டம்ளரும் தனியாகும். புருஷன் செத்தால், "முழுங்கிட்டா" என்று பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் ரத்தத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

விசாரிக்கும் முன்பே முத்திரை குத்துவது என்னவென்று 1914-லேயே ரேகைச் சட்டத்தை, அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்தை, பார்த்த இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஊர் தன் மருமகள்மேல் முத்திரை குத்துவதுதான் எங்களுக்கு ஆறவில்லை.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைச் சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடம் கண்டறிந்தார்கள். உடனே இது 'கெட்ட பொம்பளை நோய்' ஆனது. பின்னாளில் சாலமனின் மருத்துவமனைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர், கணவனைத் தவிர வேறொருவரை அறியாத குடும்பப் பெண்கள். 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் 28,000-க்கும் அதிகமான மணமான பெண்களின் விவரங்களை ஆராய்ந்தபோது, கணவனிடம் அடியும் பாலியல் வன்முறையும் பட்டவர்களிடம், இரண்டும் படாதவர்களைவிட, தொற்று ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. எங்களுக்கு இது அதிசயமில்லை. குடித்துவிட்டு வருகிறவனிடம் ஆணுறை கேட்டால் அறைதான் கிடைக்கும். பலவந்தத்தில் உண்டாகும் புண் கிருமிக்கு வழிவிடும். கை நீட்டும் கணவர்களிடமே தொற்றும் அதிகம்.

எச்.ஐ.வி. சட்டம், 2017 இதை அறிந்தே எழுதப்பட்டது: பெண்ணுக்கு அடி விழும் என்று அஞ்ச இடமிருந்தால், மருத்துவர் அவள் கணவனிடம் முடிவைச் சொல்லக் கூடாது. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம். எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தம் செய்வதையோ, பாரதிய நியாய சன்ஹிதாவும் வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அந்த விலக்கை எடுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

கர்ப்பிணிக்கு ரத்தம் எடுக்கும் அன்றே கணவனையும் சோதனைக்கு அழையுங்கள். எச்.ஐ.வி. சோதனை நடக்கும் நம்பிக்கை மையத்தில் மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு, "வீட்டில் அடி உண்டா?" என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள். பலாத்காரத்துக்கு ஆளானவளுக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று காக்கவைக்காதீர்கள்.

துரத்தப்பட்டவளோடு அவள் வாசலுக்கு நாங்கள் போவோம். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைப்போம். ராஜாஜி மருத்துவமனையில் மாத்திரை வாங்கும் நாளில் துணைக்கு நிற்போம். அவள் பெயர் எங்கள் வாயிலிருந்து வராது.

ஆண்களும் சேரலாம். சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வர வேண்டும். முடிவை இயக்கம் கேட்காது.